கொழும்பிலிருந்து ஒரு தமிழ் யூடியூப் சனல்: பார்வையாளரைப் பெருக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் இருந்துகொண்டு தமிழில் காணொளி செய்பவர்களும் செய்ய நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து விடையளித்திருக்கிறேன். நீண்ட காணொளிகளையும் தேடிவரும் பார்வையாளரையும் முதன்மையாகக் கருதுவதால் யூடியூப்பையே மனதில் வைத்து எழுதுகிறேன். பேஸ்புக்குக்கும் டிக்டொக்குக்கும் இவற்றில் சில பொருந்தும், சில பொருந்தா.

கொழும்பிலிருந்து தமிழில் நடத்தும் ஒரு சனலுக்குப் பார்வையாளர் யார்?

இந்தக் கேள்விக்கு விடை காணாமல் கமரா வாங்கப் போவதே பெரும்பாலான சனல்கள் தேங்கிப்போவதற்குக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். "தமிழர் எல்லோரும்" என்பது விடையாகாது. கொழும்பு மாநகரத்துக்குள்ளேயே வெள்ளவத்தையில் குடியேறிய யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள், கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் வாழும் மலையக வேரினர், வாழைத்தோட்டத்திலும் மாளிகாவத்தையிலும் தமிழ் பேசும் முஸ்லிம்கள், வேலைக்காக வந்து வாடகை அறையில் தங்கியிருக்கும் மட்டக்களப்பு, வவுனியா இளைஞர்கள் என்று வெவ்வேறு தேவைகள் உள்ள மக்கள் இருக்கிறார்கள். நாட்டுக்கு வெளியே லண்டன், பாரிஸ், ரொறன்ரோ, சிட்னி ஆகிய நகரங்களில் வாழ்பவர்களும் கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் இருப்பவர்களும் உள்ளனர்.

இவர்களில் ஒருவரைத் தெரிந்தெடுத்து, அவர் எந்த நேரத்தில், எந்தத் தேவையோடு தொலைபேசியைக் கையில் எடுப்பார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். உயர்தரப் பரீட்சைக்குத் தமிழ்மொழி மூலம் கணக்கியல் படிக்கும் மாணவிக்கு வேண்டியது ஒன்று. புறக்கோட்டையில் மொத்த விலைக்குத் துணி வாங்க ஊரிலிருந்து வரும் சிறு வியாபாரிக்கு வேண்டியது வேறொன்று. முதலில் ஒருவருக்குப் பயன்படும் சனலுக்குத்தான் அவரைப் போன்ற ஆயிரம் பேர் வந்து சேர்கிறார்கள்.

எதைப் பற்றிச் சனல் தொடங்கலாம்? எல்லாமே ஏற்கெனவே இருக்கின்றனவே?

தமிழ்நாட்டுச் சனல்களைப் பார்த்துவிட்டு இந்த முடிவுக்கு வருகிறவர்கள் பலர். சமையலும் சினிமாவும் கைத்தொலைபேசி அறிமுகமும் அங்கே நிரம்பி வழிகின்றன என்பது உண்மைதான். ஆனால் இலங்கை நடைமுறைகளைத் தமிழில் தெளிவாகச் சொல்லும் காணொளிகளுக்கு இன்னும் பெரும் தேவை இருக்கிறது. கடவுச்சீட்டு எடுப்பது, பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பெறுவது, தரம் 5 புலமைப்பரிசில் வினாத்தாள்களை விளக்குவது, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி செலுத்துநர் இலக்கம் பெறுவது, வாடகை ஒப்பந்தம் எழுதுவது ஆகியவை ஒருவர் தேவைக்காகவே தேடிவரும் பொருள்கள். சிங்களத்தில் இவற்றுக்கு விளக்கம் கிடைப்பது எளிது. தமிழில் தேடுபவர் பல வேளைகளில் வெறுங்கையோடு திரும்புகிறார். அந்த இடைவெளியை நிரப்புவது பார்வையாளரைப் பெருக்கும் வழி என்பதோடு நம் மக்களுக்குச் செய்யும் தொண்டும் ஆகும்.

ஒரு பொருளைத் தெரிவுசெய்யும் முன் அதில் இருபது காணொளிகளுக்குத் தலைப்பு எழுத முடிகிறதா என்று பாருங்கள். ஏழாவது தலைப்பிலேயே பேனா நின்றுவிட்டால் அந்தப் பொருள் உங்களுக்குரியதன்று.

யூடியூப் எதைப் பார்த்து ஒரு காணொளியைப் பிறருக்குப் பரிந்துரைக்கிறது?

தொடக்கத்தில் பார்வை எண்ணிக்கைக்கு முதன்மை கொடுத்த யூடியூப், 2012 இல் பார்க்கப்பட்ட நேரத்துக்கு முதன்மை கொடுக்கத் தொடங்கியது. இன்று ஒரு பார்வையாளர் காட்டப்பட்ட காணொளியைத் தொடுகிறாரா, தொட்ட பின் எவ்வளவு நேரம் நிற்கிறார், பார்த்ததில் நிறைவடைந்தாரா என்பவற்றை அது சேர்த்துக் கணிக்கிறது. அல்கோரிதம், அதாவது யூடியூப்பின் இந்தத் தானியங்கிப் பரிந்துரை முறை, நம் சனலை ஒதுக்கிவிட்டது என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறோம். அது ஒவ்வொரு பார்வையாளருக்கும் எது பிடிக்கும் என்று தேடுகிற ஏற்பாடு. ஆகவே "அல்கோரிதம் என்ன விரும்புகிறது" என்று கேட்கும் இடத்திலெல்லாம் "பார்ப்பவர் என்ன விரும்புகிறார்" என்று மாற்றிக் கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முகப்புப் படமும் தலைப்பும் எப்படி இருக்க வேண்டும்?

காணொளியைத் திறக்கும் முன் தெரியும் முகப்புப் படம் 1280 பெருக்கல் 720 புள்ளிகள் அளவில், 16க்கு 9 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது தொழில்நுட்பச் செய்தி. அதைவிட முக்கியமானது, பெரும்பாலானோர் அதைத் தொலைபேசித் திரையில் தபால்தலை அளவில்தான் பார்க்கிறார்கள் என்பது. எனவே படத்தின்மேல் மூன்று, நான்கு சொற்களுக்கு மேல் எழுதாதீர்கள். தமிழ் எழுத்துகளில் கொம்பும் சுழியும் நெருங்கி நிற்பதால், மெல்லிய எழுத்துரு சிறிய அளவில் கறையாகத்தான் தெரியும். தடித்த எழுத்துருவையே பயன்படுத்துங்கள். காணொளியின் நீளம் வலது கீழ் மூலையில் தோன்றுவதால் அந்த இடத்தில் எதையும் வைக்க வேண்டாம்.

யூடியூப்பின் விளக்கப்படி, சனல்களிலும் காணொளிகளிலும் பாதியளவுக்கு, காட்டப்பட்டவர்களில் தொடுவோர் வீதம் 2 சதவீதத்துக்கும் 10 சதவீதத்துக்கும் இடையே இருக்கிறது. உங்களுடையது 4 சதவீதம் என்றால் அழிவு வந்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. ஒரே காணொளிக்கு மூன்று முகப்புப் படங்கள் வரை ஏற்றி, எதன்வழி வந்தவர்கள் அதிக நேரம் பார்த்தார்கள் என்று ஒப்பிடும் வசதியும், சனலை நிர்வகிப்பதற்கான யூடியூப் ஸ்டூடியோவில் உள்ளது.

தலைப்பில் பொய் சொல்லாதீர்கள். "கொழும்பில் நடந்த பயங்கரம்" என்று எழுதிவிட்டு உள்ளே மழைநீர் தேங்கிய தெருவைக் காட்டினால் தொடுபவர் வருவார். இருபது நொடிகளில் போய்விடுவார். அடுத்த முறை உங்கள் பெயரைக் கண்டாலே கடந்து செல்வார்.

தொடக்கத்திலேயே பாதிப் பேர் போய்விடுகிறார்கள். என்ன செய்யலாம்?

எத்தனை பேர் எந்த நொடிவரை பார்த்தார்கள் என்பதைக் காட்டும் ஒரு வரைகோடு ஸ்டூடியோவில் ஒவ்வொரு காணொளிக்கும் உண்டு. முதல் 30 நொடிகளுக்குப் பிறகு எத்தனை சதவீதத்தினர் எஞ்சியிருந்தார்கள் என்பதையும் அது தனியே சொல்கிறது. சனல் நடத்துபவர்கள் நாள்தோறும் பார்க்க வேண்டியது சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையை விட இந்தக் கோட்டைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்ப்போம். கடவுச்சீட்டு விண்ணப்பம் பற்றி ஒருவர் ஒன்பது நிமிடக் காணொளி செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 12 நொடிகளுக்குக் காலிமுகத்திடல் கடற்கரை, பின்னணி இசை. அடுத்து சனலின் சின்னம் சுழன்று வருகிறது. பிறகு "வணக்கம் உறவுகளே" என்று தொடங்கி, நலம் விசாரித்து, சப்ஸ்கிரைப் செய்யச் சொல்லி, கடவுச்சீட்டு என்றால் என்ன என்று விளக்குகிறார். என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்பது இரண்டாவது நிமிடம் கடந்த பிறகே வருகிறது. இதைத் தேடி வந்தவரோ காலை நேரத்துப் பேருந்தில் நின்றபடி, பையிலுள்ள தாள்கள் போதுமா என்ற கவலையோடு பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் ஏன் காத்திருக்க வேண்டும்?

அதே காணொளியை இப்படித் தொடங்கலாம்: மேசைமேல் பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, அங்கீகரிக்கப்பட்ட புகைப்பட நிலையம் தந்த பற்றுச்சீட்டு ஆகியவை ஒவ்வொன்றாக வைக்கப்படுகின்றன, "பத்தரமுல்லைக் கடவுச்சீட்டு அலுவலகத்துக்குப் புறப்படும் முன் உங்கள் பையில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள், இவற்றில் ஒன்றைத்தான் பலர் மறந்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள்" என்ற குரல் முதல் நொடியிலேயே கேட்கிறது. வணக்கம் சொல்வது நம் பண்பாடு, அதை விடச் சொல்லவில்லை. ஒரு சொல்லில் வணக்கம் சொல்லிவிட்டு நேரே பொருளுக்குள் செல்லலாம். சப்ஸ்கிரைப் செய்யும்படி கேட்பதற்கு உரிய இடம், அவருக்கு நீங்கள் ஏதாவது கொடுத்த பிறகு.

நீண்ட காணொளியில் பகுதிகளைக் குறித்துக் காட்டுவதும் நல்லது. விளக்கக் குறிப்பில் நேரங்களை 0:00 இலிருந்து தொடங்கி, குறைந்தது மூன்று இடங்களையாவது, ஒவ்வொன்றும் 10 நொடிகளுக்குக் குறையாமல் எழுதினால் யூடியூப் அவற்றைத் தானாகவே பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளும். நடைமுறை விளக்கக் காணொளிகளில், பதிவு செய்த மாதத்தையும் ஆண்டையும் சொல்லிவிடுங்கள். கட்டணமும் விதியும் மாறும்போது பழைய செய்தியை நம்பி ஒருவர் அலையக்கூடாது.

எந்தத் தமிழில் பேசுவது? இலங்கைத் தமிழில் பேசினால் தமிழ்நாட்டவர் பார்ப்பார்களா?

இந்தத் தயக்கம் எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது. வீட்டில் இயல்பாகப் பேசும் பிள்ளைகள், கமராவைக் கண்டதும் சென்னைத் தொலைக்காட்சித் தொகுப்பாளர்களின் பேச்சுக்கு மாறிவிடுகிறார்கள். அதைக் கேட்கும் சென்னைக்காரருக்கு அது அரைகுறையாகத் தெரிகிறது. வெள்ளவத்தையில் கேட்பவருக்கு அந்நியமாகத் தெரிகிறது.

கொழும்பிலிருந்து ஒலிபரப்பான இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையைத் தமிழ்நாடு முழுவதும் விரும்பிக் கேட்டது. கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்களின் குரலை அங்குள்ள மூத்தவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அவர்கள் யாருடைய பேச்சையும் பின்பற்றவில்லை. தெளிவாக உச்சரித்தார்கள், ஆயத்தத்தோடு வந்தார்கள். அந்த ஊர்க்காரர்களான நாம் நம் பேச்சுக்காகக் கூச வேண்டிய தேவை எதுவும் இல்லை.

தமிழ்நாட்டுப் பார்வையாளருக்குப் புரியாதென்று நீங்கள் ஐயுறும் சொல் வரும்போது திரையில் எழுத்தாகக் காட்டினால் போதும். புலம்பெயர்ந்தவர்களுக்கு ஊர்ப் பேச்சே உங்கள் சனலை நாடுவதற்குக் காரணமாக அமையும். சிங்களம் பேசும் அயலவர்களையும் மறக்க வேண்டாம்: உணவு, கோவில் திருவிழா, நகர வரலாறு போன்றவற்றைச் செய்பவர்கள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வசன எழுத்து சேர்த்தால், ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலிருந்து புறப்படுவதை ஒவ்வோர் ஆண்டும் வீதியோரத்தில் நின்று பார்க்கும் சிங்களக் குடும்பங்களும் உங்கள் பார்வையாளராகலாம்.

விலையுயர்ந்த கமரா தேவையா?

தேவையில்லை. ஓரளவு நல்ல கைத்தொலைபேசி போதும். ஆனால் ஒலியில் சிக்கனம் பார்க்காதீர்கள். படம் சற்று மங்கினாலும் மக்கள் பொறுப்பார்கள். பேச்சு தெளிவாகக் கேட்காவிட்டால் உடனே போய்விடுவார்கள். சட்டையில் குத்தும் சிறிய ஒலிவாங்கி ஒன்றே பெரும் மாற்றத்தைத் தரும். காலி வீதியை ஒட்டிய மாடிவீடுகளில் பேருந்துகளின் ஒலிப்பான் ஓசையும் மின்விசிறியின் இரைச்சலும் தவிர்க்க முடியாதவை என்பதால், அதிகாலையில் பதிவுசெய்யுங்கள். விசிறியை நிறுத்திவிட்டு, கட்டிலும் திரைச்சீலையும் உள்ள அறையில் இருந்து பேசினால் எதிரொலியும் குறையும்.

ஷோர்ட்ஸ் மட்டும் போட்டால் சனல் வளருமா?

எண்ணிக்கை வளரும், பார்வையாளர் வளர்வார்களா என்பது வேறு கேள்வி. 2024 ஒக்டோபர் முதல் மூன்று நிமிடம் வரையான செங்குத்துக் காணொளிகளும் ஷோர்ட்ஸ் என்றே கொள்ளப்படுகின்றன. 2025 மார்ச் இறுதியிலிருந்து, ஷோர்ட்ஸ் ஓடத் தொடங்கியதுமே ஒரு பார்வையாகக் கணக்கிடப்படுகிறது. ஆகவே அந்தப் பெரிய எண்களை நீண்ட காணொளியின் எண்களோடு ஒப்பிட்டு மகிழவோ மனம் தளரவோ வேண்டாம். விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் உங்கள் பெயரைக்கூடப் பார்க்காமல் கடந்திருக்கலாம்.

ஷோர்ட்ஸை நீண்ட காணொளிக்கு வாசலாக அமைப்பதே நல்லது. நீண்ட காணொளியின் ஒரு துணுக்கை வெட்டிப் போடுவதை விட, அதே பொருளில் தனியே முழுமையான ஒரு சிறு செய்தியைச் சொல்லி, தொடர்புடைய காணொளியாக நீண்டதை இணைத்துவிடுங்கள்.

வாரத்துக்கு எத்தனை காணொளி, எந்த நேரத்தில் வெளியிடுவது?

உங்களால் ஓராண்டுக்குத் தளராமல் செய்ய முடிந்த அளவு. வேலைக்குப் போகிறவருக்கு வாரத்துக்கு ஒன்று என்பதே போதுமான வேகம்.

வெளியிடும் நேரம் ஒரு காணொளியின் நெடுங்கால வளர்ச்சியை நேரடியாகப் பாதிப்பதாகத் தெரியவில்லை என்று யூடியூப்பே கூறுகிறது. இருந்தாலும், நேரலைக்கும் முதல் நாள் வரவேற்புக்கும் நேரம் முக்கியம். கொழும்பில் இரவு 8 மணி என்றால், கோடைகாலத்தில் லண்டனில் பிற்பகல் 3.30, பாரிஸில் 4.30, ரொறன்ரோவில் காலை 10.30. சிட்னியில் நள்ளிரவு கடந்திருக்கும். குளிர்காலத்தில் லண்டன், பாரிஸ், ரொறன்ரோ ஆகிய மூன்றிலும் கடிகாரம் ஒரு மணிநேரம் பின்செல்லும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

டாக், ஹாஷ்டாக் எல்லாம் எவ்வளவு முக்கியம்?

மிகக் குறைவு. காணொளியோடு சேர்க்கும் குறிச்சொற்களான டாக்குகளால் பெரிய பயன் இல்லை, பொதுவாகப் பிழையாக எழுதப்படும் பெயர்களுக்கே அவை உதவும் என்பது யூடியூப்பின் விளக்கம். அதைவிடப் பயனுள்ள ஒன்று உண்டு. நம்மவர்களில் பலர் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் தட்டித் தேடுகிறார்கள். ஸ்டூடியோவில், யூடியூப் தேடல் வழியாக வந்தவர்கள் எந்தச் சொற்களைத் தட்டினார்கள் என்ற பட்டியல் இருக்கும். அதைப் படித்து, அதே எழுத்துக்கூட்டலை விளக்கக் குறிப்பின் முதல் இரண்டு வரிகளில் இயல்பாகச் சேர்த்துவிடுங்கள்.

சப்ஸ்கிரைபர்களைக் காசுக்கு வாங்கலாமா? வட்ஸ்அப் குழுக்களில் மாறி மாறி சப்ஸ்கிரைப் செய்யலாமா?

இரண்டும் வேண்டாம். இரண்டையும் யூடியூப்பின் விதிகள் தடைசெய்கின்றன. விதி இல்லாவிட்டாலும் அது தீங்கே: அப்படி வந்தவர்கள் காணொளியைப் பார்க்கமாட்டார்கள், அவர்களுக்குக் காட்டப்பட்டும் தொடப்படாத காணொளி, யாருக்கும் பிடிக்காத காணொளி போலத் தோற்றமளிக்கும்.

பின்னணியில் சினிமாப் பாடல் போடலாமா?

உரிமையாளரின் அனுமதி இல்லாமல் போட்டால், பெரும்பாலும் யூடியூப்பின் தானியங்கி முறை அதைக் கண்டுபிடித்து, அக்காணொளியின் வருமானத்தை உரிமையாளருக்குத் திருப்பிவிடும் அல்லது சில நாடுகளில் காணொளியையே தடுத்துவிடும். இது ஓர் உரிமைக்கோரல் மட்டுமே. உரிமையாளர் முறைப்படி நீக்கக் கோரினால் வருவது பதிப்புரிமை எச்சரிக்கை. அது 90 நாள்களில் காலாவதியாகும், ஆனால் அதற்குள் மூன்று சேர்ந்தால் சனலே மூடப்படலாம். ஸ்டூடியோவுக்குள் உள்ள இலவச ஓடியோ நூலகத்தைப் பயன்படுத்துங்கள். உங்கள் நண்பர்களில் மிருதங்கமோ வயலினோ படிப்பவர் இருந்தால் அவரிடம் கேட்டு ஒரு நிமிட இசையைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். வேறெந்தச் சனலிலும் இல்லாத ஒலி உங்களுக்குக் கிடைக்கும்.

தெருவிலும் கடைகளிலும் படமெடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

செட்டியார் தெரு நகைக்கடைக்காரரையோ நடைபாதைப் பழ வியாபாரியையோ படமெடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள், காணொளி வந்ததும் தங்கள் உறவினருக்கெல்லாம் அனுப்புவார்கள். பாதுகாப்பு நிலையங்களைப் படமெடுக்காதீர்கள். ட்ரோன் பறக்கவிடுவதற்குச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகள் உண்டு. ஏழைகளுக்கு உதவி செய்வதைக் காட்டி, அவர்களின் முகத்தையும் கண்ணீரையும் பார்வைகளுக்காகப் பயன்படுத்தும் காணொளிகள் பெருகிவருகின்றன. அவை எவ்வளவு ஓடினாலும் அந்த வழியை நாடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வருமானம் எப்போது வரும்?

விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணிநேரப் பொதுப் பார்வையும் வேண்டும். அந்த மணிநேரத்துக்குப் பதிலாக 90 நாள்களில் 1 கோடி ஷோர்ட்ஸ் பார்வைகள் இருந்தாலும் போதும். ஷோர்ட்ஸ் ஓட்டத்தில் பார்க்கப்படும் நேரம் அந்த 4,000 மணிநேரத்தில் சேராது. ஒருவர் சராசரியாக நான்கு நிமிடம் பார்க்கிறார் என்றால், 4,000 மணிநேரத்துக்கு ஓராண்டில் 60,000 பார்வைகள் தேவைப்படும். வாரம் ஒரு காணொளி செய்பவருக்கு அது காணொளி ஒன்றுக்குச் சுமார் 1,150 பார்வைகள்.

நீண்ட காணொளிகளின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் உங்களுக்கு. யூடியூப் வருமானம் வந்து சேரும் கூகுள் ஆட்சென்ஸ் கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிசெய்யும் இலக்கம் தபாலில் வரும். மாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் தொடர்மாடி எண், ஒழுங்கை, தபால் குறியீடு ஆகியவற்றைப் பிழையின்றி எழுதி, வாசல் காவலாளியிடமும் சொல்லிவையுங்கள். சாதாரணக் கடிதம் என்பதால் கீழ்த்தளத்துப் பெட்டியிலேயே கிடந்து பலருக்குத் தவறிப்போகிறது. 100 டொலர் எட்டியதும் பணம் வங்கிக்கு அனுப்பப்படும். வெளிநாட்டு நாணயத்தில் வரும் இத்தகைய சேவை வருமானத்துக்கு இலங்கையில் 2025 ஏப்ரல் முதல் உயர்ந்தபட்சம் 15 சதவீத வரி உண்டு. ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் தனிநபர் விலக்குக்குப் பிறகே அது கணக்கிடப்படும்.

பல மாதங்களாகச் செய்தும் வளரவில்லை. நிறுத்திவிடலாமா, பொருளை மாற்றலாமா?

முடிவெடுக்கும் முன் கடைசிப் பத்துக் காணொளிகளின் எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். பலருக்குக் காட்டப்பட்டும் தொடுபவர் குறைவென்றால் குறை தலைப்பிலோ முகப்புப் படத்திலோ இருக்கிறது. தொடுகிறார்கள், முதல் நிமிடத்தில் போய்விடுகிறார்கள் என்றால் தொடக்கத்தைத் திருத்துங்கள். பார்க்கிறார்கள், மறுபடி வருவதில்லை என்றால் காணொளிகளுக்கிடையே தொடர்பில்லை என்று பொருள். ஒரே பொருளில் ஐந்து காணொளிகளைத் தொடராகச் செய்து, ஒவ்வொன்றின் இறுதி 20 நொடிகளில் அடுத்ததைக் காட்டுங்கள். மிகக் குறைவானவர்களுக்கே காட்டப்படுகிறது என்றால், அந்தப் பொருளைத் தேடுவோர் இருக்கிறார்களா என்பதை முதலில் பாருங்கள்.

பொருளை முழுதாக மாற்றுவதானால் புதிய சனல் தொடங்குவதே நல்லது. பரீட்சை விளக்கத்துக்காக வந்தவர் பயணக் காணொளிக்கு நிற்கமாட்டார். சற்றே மாற்றுவதானால் பழைய சனலிலேயே தொடருங்கள். எதுவானாலும் பழைய காணொளிகளை நீக்கவோ மறைக்கவோ அவசரப்படாதீர்கள். நீக்கிய காணொளிக்குரிய பார்வை நேரம் 4,000 மணிநேரக் கணக்கிலிருந்து கழிந்துவிடும். தேடலில் மெல்ல மேலேறும் நடைமுறை விளக்கங்கள், வெளியாகிப் பல மாதங்களுக்குப் பிறகும் புதியவர்களைக் கொண்டுவரக்கூடும்.